கருவி "வந்துவிட்டது" என்று சொன்ன பிறகும் பெட்டி ஏன் கிடைப்பதில்லை? கையடக்க ஜிபிஎஸ் கருவியோடு ஜியோகேச்சிங்

கேள்வி கேட்டவர், கையடக்க ஜிபிஎஸ் கருவி ஒன்றை வாங்கி, ஜியோகேச்சிங் (பிறர் மறைத்து வைத்த பெட்டியை அதன் இட எண்களைக் கொண்டு தேடும் விளையாட்டு) தளத்தில் கொடுத்திருந்த ஆயத்தொலைவு எண்களை அதில் பதிந்து, அம்புக்குறி காட்டிய வழியே நடந்திருக்கிறார். இலக்கை அடைந்துவிட்டதாகக் கருவி அறிவித்த இடத்தில் நெடுநேரம் தேடியும் பெட்டி அகப்படவில்லை. கருவியில் பழுதா, எண்களில் பிழையா, இதற்குக் கைபேசியே போதாதா, இந்தப் பொழுதுபோக்கை மேற்கொண்டு தொடரலாமா என்று அவர் கேட்டிருக்கிறார்.

கருவி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எண்களும் சரியாகவே இருக்கக்கூடும். திரையில் தெரியும் எண்ணை ஒரு புள்ளியாக எடுத்துக்கொள்வதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. ஜிபிஎஸ் தருகிற ஒவ்வோர் இடக்குறிப்பும் சில மீட்டர் ஆரமுள்ள ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் எங்கோ நீங்கள் இருக்கிறீர்கள் என்பதே அதன் பொருள். வட்டத்தின் விளிம்புவரை கொண்டுபோய் விடுவது கருவியின் வேலை, அதற்குள் தேடுவது உங்கள் வேலை. ஜியோகேச்சிங்கின் முழுச் சுவையும் இந்த இரண்டாம் பகுதியில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கருவியின் பிழை எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்று தெரிந்துகொண்டவருக்குத் தேடல் எளிதாகும் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஆட்டம் என்ன என்பதைப் புதியவர்களுக்காக இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஒருவர் நீர் புகாத பெட்டி ஒன்றில் பதிவேட்டை வைத்து, பொதுமக்கள் போகக்கூடிய ஓர் இடத்தில் மறைத்து, அவ்விடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் தளத்தில் வெளியிடுகிறார். மற்றவர்கள் தேடிப்போய்க் கண்டுபிடித்து, பதிவேட்டில் பெயரும் நாளும் எழுதி, பெட்டியை இருந்தபடியே வைத்துவிட்டு, தளத்திலும் பதிகிறார்கள். பெட்டியில் சிறு பொருள்கள் இருந்தால் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் அதற்கு ஈடான மதிப்புள்ள ஒன்றை வைக்க வேண்டும்.

இந்தப் பொழுதுபோக்கே ஒரு பிழை நீங்கியதால் பிறந்தது. அமெரிக்க இராணுவம் உருவாக்கிய ஜிபிஎஸ் அமைப்பில், பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே ஒரு பிழை கலக்கப்பட்டிருந்தது. அதனால் சாதாரணக் கருவியின் இடக்குறிப்பு 100 மீட்டர்வரை விலகியிருக்கலாம். அந்த நிலையில் கடலில் கப்பல் ஓட்டலாம், காட்டில் பாதையைத் தோராயமாக அறியலாம். ஒரு மரத்தடியில் இருக்கும் வாளியைத் தேட முடியாது. 2000 மே 1 அன்று அதிபர் கிளின்டன் இந்தப் பிழைக் கலப்பு நிறுத்தப்படும் என்று அறிவித்தார். அன்று நள்ளிரவிலேயே அது நிறுத்தப்பட்டது. உலகெங்கும் மக்கள் கையில் ஏற்கெனவே இருந்த கருவிகள், எந்த மாற்றமும் செய்யப்படாமலே, ஒரே இரவில் ஏறத்தாழ பத்து மடங்கு துல்லியம் பெற்றன.

புதிய துல்லியத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பிய டேவ் உல்மர் என்னும் கணினி வல்லுநர், மே 3 அன்று ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்டுக்கு அருகே பீவர்க்ரீக் என்ற ஊரை ஒட்டிய காட்டுப்பகுதியில் கறுப்பு வாளி ஒன்றை வைத்தார். அதில் ஒரு பதிவேடு, பென்சில், புத்தகம், கவண், ஒரு டப்பா அவரை என்று பலதும் இருந்தன. செயற்கைக்கோள் வழிகாட்டல் பற்றிப் பேசும் இணையக் குழு ஒன்றில் அதன் எண்களை அவர் அறிவித்த மூன்றே நாளில் இருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். முதலில் கண்டவர் மைக் டீக். அவரே பிறகு இத்தகைய மறைவிடங்களின் பட்டியலை இணையத்தில் தொகுக்கத் தொடங்கினார். அதே மே மாத இறுதியில் மேட் ஸ்டம் என்பவர் ஜியோகேச்சிங் என்ற பெயரை முன்மொழிந்தார். 2000 செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் தொடங்கிய தளத்தில் உலகம் முழுவதற்குமாக இருந்தவை 75 பெட்டிகள்தாம். இன்று 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் முப்பது இலட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் இருக்கின்றன. கன்சாஸ் மாநிலத்தில் 2000 மே 11 அன்று வைக்கப்பட்ட மிங்கோ என்ற பெட்டி, இன்றும் தேடப்படுகிறவற்றுள் மிகப் பழையதாக மதிக்கப்படுகிறது.

மறைத்து வைத்துத் தேடச் செய்யும் வழக்கம் அதற்கு முன்பே உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்புவெளியில் 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, க்ரான்மியர் பூல் என்னும் இடத்தில் ஒரு புட்டியை வைத்து, அதுவரை நடந்து வருகிறவர்கள் தங்கள் பெயரட்டையை அதில் போட்டுச் செல்லும்படி செய்தார். அங்கிருந்து வளர்ந்த விளையாட்டில் குறிப்புகளும் திசைகாட்டியும் வழிகாட்டின. ஜிபிஎஸ் வந்தபின் அந்தக் குறிப்புகளின் இடத்தை எண்கள் பிடித்தன. ஆனால் கடைசிச் சில அடிகளுக்குக் கண்ணும் புத்தியும்தான் அன்றும் இன்றும் துணை.

இனிக் கருவியைப் பார்ப்போம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் அணுக்கடிகாரத்தின் நேரத்தையும் தான் இருக்கும் இடத்தையும் இடைவிடாமல் ஒலிபரப்புகிறது. சமிக்ஞை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. கருவியில் இருக்கும் கடிகாரம் மலிவானது. அதன் பிழையையும் சேர்த்துக் கண்டறிய வேண்டியிருப்பதால், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் என்ற நான்கு அறியாத அளவுகளுக்குக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன. ஒளி ஒரு நானோவினாடியில் 30 சென்டிமீட்டர் போகிறது. ஆகவே நேரக் கணக்கில் பத்து நானோவினாடி தவறினால் தூரத்தில் 3 மீட்டர் தவறிவிடும்.

பிழை பல வழிகளில் நுழைகிறது. வளிமண்டலத்தின் மேலடுக்கில் இருக்கும் மின்னூட்டம் பெற்ற துகள்கள் சமிக்ஞையைத் தாமதப்படுத்துகின்றன. செயற்கைக்கோள்கள் வானத்தின் ஒரே பக்கத்தில் நெருக்கமாக நின்றால் கணக்கின் வடிவியலே பலவீனமாகிறது. நான்கு திசைகளிலும் பரவி நின்றால் வலுப்பெறுகிறது. தேடுகிறவரை மிகவும் அலைக்கழிப்பது எதிரொலிப்பு. பாறைச் சுவரிலோ கட்டடத்திலோ பட்டுத் திரும்பி வரும் சமிக்ஞை நேராக வந்ததைவிடக் கூடுதல் தூரம் பயணித்திருக்கும்; கருவி அதையும் நேராக வந்ததாக எண்ணிக் கணக்குப் போடும். அடர்ந்த மரக்கூட்டத்தின் கீழ், அதிலும் மழை பெய்து இலைகள் நனைந்திருக்கும்போது, சமிக்ஞை வலுவிழந்து நிலைமை இன்னும் மோசமாகும். திறந்த வெளியில் 3 முதல் 5 மீட்டருக்குள் நிற்கும் கருவி, செங்குத்தான பள்ளத்தாக்கில் 20 மீட்டர் தள்ளிக் காட்டினாலும் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

திரையில் "துல்லியம் 3 மீட்டர்" என்று தெரியும் எண்ணைப் பலரும் உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறார்கள். அது கருவியின் சொந்த மதிப்பீடு. செயற்கைக்கோள்கள் நிற்கும் முறையையும் சமிக்ஞையின் வலுவையும் வைத்து அது போடுகிற அந்தக் கணக்கில் எதிரொலிப்புப் பிழை முழுமையாகத் தெரிய வராது. உண்மையான பிழை அந்த எண்ணைத் தாண்டுவது வழக்கமாக நடக்கிற காரியம்.

கேள்விக்கான மையமான விடை இங்கேதான் இருக்கிறது. பெட்டியை மறைத்தவரின் கருவியிலும் இதே பிழை இருந்தது. அவர் குறித்த எண்ணில் 5 மீட்டர் பிழை, இப்போது உங்கள் கருவியில் 5 மீட்டர் பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்பதால் சராசரியாக 7 மீட்டர் அளவில் சேர்கின்றன. நேரெதிர்த் திசைகளில் அமைந்துவிட்டால் 10 மீட்டர் ஆகும். 7 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 154 சதுர மீட்டர், 10 மீட்டர் என்றால் 314. கட்டைவிரல் அளவுள்ள ஒரு குப்பியை அத்தனை பரப்பில் தேட வேண்டியிருக்கும்போது, அம்புக்குறி நின்ற ஒரே கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கருவியை நொந்துகொள்வது நியாயமாகாது.

எண்களின் அளவையும் மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. ஜியோகேச்சிங்கில் டிகிரியும், நிமிடமும், நிமிடத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குவரை தசமமும் எழுதுகிறார்கள். அட்சரேகையில் 0.001 நிமிடம் என்பது ஏறத்தாழ 1.85 மீட்டர். தீர்க்கரேகையில் அதே அளவு நிலநடுக்கோட்டில் அவ்வளவே இருந்து, துருவத்தை நோக்கிப் போகப்போகச் சுருங்கி, 60 டிகிரி அட்சரேகையில் பாதியாகிவிடும். கடைசி இலக்கம் ஒன்று கூடிக் குறைவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. எழுதும் முறை மாறினால் மட்டும் பெரிய விபரீதம் நேரும். 17.460 நிமிடம் என்பதை 17 நிமிடம் 46.0 வினாடி என்று பதிந்துவிட்டால் இலக்கு ஏறத்தாழ 570 மீட்டர் தள்ளிப் போய்விடும், ஏனெனில் 0.460 நிமிடம் என்பது 27.6 வினாடிதான். கருவியின் அமைப்புப் பக்கத்தில் டிகிரி, தசம நிமிடம் என்ற வடிவமும், வரைபட அடிப்படையாக (பூமியின் வடிவத்தை எப்படி எடுத்துக்கொண்டு எண்களைக் கணக்கிடுவது என்ற முறை) ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்பதும் தேர்வாகியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பழைய கருவியை இரவலாகவோ இரண்டாம் கையாகவோ வாங்கியவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன். முன்பு வைத்திருந்தவர் வேறோர் அடிப்படையைத் தேர்ந்து வைத்திருந்தால் ஒவ்வொரு தேடலும் ஒரே திசையில், சில வேளை நூற்றுக்கணக்கான மீட்டர் விலகும். எல்லாத் தேடலும் ஒரே பக்கமாகவே தவறினால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

புறப்படும் முன் கருவியைத் திறந்த வானத்தின் கீழ் சிறிது நேரம் வைக்க வேண்டும். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் நுட்பமான பாதை விவரத்தை 30 வினாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது; எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராய அட்டவணை முழுதாக வந்துசேர 12.5 நிமிடம் ஆகும். பல மாதம் பயன்படுத்தாமல் கிடந்த கருவியும், தொலைதூரம் கொண்டுவரப்பட்ட கருவியும் முதலில் இடம் காண நேரமெடுப்பது இதனால்தான். மரத்தடிக்குள் நுழைந்தபின் இயக்குவதைவிட, வெளியிலேயே இயக்கி நிலைபெறவிட்டுப் பிறகு நுழைவது எவ்வளவோ மேல். பிடிக்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கார்மின் நிறுவனத்தின் இட்ரெக்ஸ் வரிசையைப் போலத் தட்டையான ஆன்டெனா கொண்ட கருவிகளை வானம் பார்க்கக் கிடையாகப் பிடிக்க வேண்டும். ஜிபிஎஸ்மேப் வரிசையைப் போல மேலே தடித்த கொம்பு நீண்டிருக்கும் கருவிகளைச் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். கருவியைப் பையிலோ உடம்போடு ஒட்டியோ வைத்துக்கொண்டால் பாதி வானத்தை உங்கள் உடலே மறைத்துவிடும்.

இலக்கு தொலைவில் இருக்கும்போது அம்புக்குறியை நம்பலாம். 50 மீட்டர் தூரத்தில் 5 மீட்டர் பிழை, திசையில் ஏறத்தாழ 6 டிகிரி விலகலைத்தான் தரும். அதே பிழை 10 மீட்டர் தூரத்தில் 27 டிகிரியாகிறது. 3 மீட்டரில் அம்புக்குறி எந்தப் பக்கத்தையும் காட்டலாம். இதோடு இன்னொன்றும் சேர்கிறது. மின்னணுத் திசைகாட்டி இல்லாத கருவி, நீங்கள் நகர்வதை வைத்துத்தான் திசையை அறிகிறது. நீங்கள் மெதுவாக நடந்தாலோ நின்றாலோ அதற்குத் திசை தெரியாது. ஆனால் இலக்கை நெருங்க நெருங்க எல்லோரும் நடையைக் குறைக்கிறோம். அதனால்தான் கடைசிக் கட்டத்தில் அம்புக்குறி சுழல்கிறது, அதைத் துரத்திக்கொண்டு தேடுகிறவரும் வண்டு போலச் சுற்றுகிறார். திசைகாட்டி உள்ள கருவியாயின் பேட்டரி மாற்றும்போதெல்லாம் அதை அளவுதிருத்தம் செய்துகொள்ள வேண்டும். இரும்பு வேலிக்கோ வாகனத்துக்கோ அருகில் நின்று அதைச் செய்யக் கூடாது.

நான் பரிந்துரைக்கும் முறை எளியது. இலக்குக்கு 30 மீட்டர் இருக்கும்போது நின்றுவிடுங்கள். கருவி அரை நிமிடம் நிலைபெறட்டும். அம்புக்குறி காட்டும் கோட்டில் எதிரே தெரியும் மரத்தையோ பாறையையோ கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பக்கவாட்டில் வளைந்து நடந்து, முதல் கோட்டுக்குச் செங்குத்தாக அமையும் இன்னோர் இடத்திலிருந்து இதே போல இன்னொரு கோட்டைப் பாருங்கள். மூன்றாவதாக ஒன்றும் பார்த்தால் நல்லது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் பகுதிதான் நீங்கள் தேட வேண்டிய இடம். அங்கே போய்த் தூரம் மிகக் குறைவாகக் காட்டும் இடத்தில் பையையோ கைத்தடியையோ அடையாளமாக வைத்துவிட்டு, கருவியைச் சட்டைப்பையில் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் தரையைப் பார்ப்பதில்லை.

இனி மறைத்தவரின் மனத்தோடு யோசிக்க வேண்டும். அவர் பெட்டியை வெட்டவெளியில் வைத்திருக்க மாட்டார். மழைநீர் ஓடும் தாழ்விலும் வைத்திருக்க மாட்டார். சாய்ந்து கிடக்கும் மரத்தின் பொந்து, வேர்களின் இடுக்கு, இயற்கையாக விழுந்திருக்க முடியாதபடி அடுக்கிய கற்கள், ஒரே நீளத்தில் ஒடிக்கப்பட்டுச் சாத்திய குச்சிகள் ஆகியவற்றில் கண் நிற்க வேண்டும். தரையை மட்டும் பார்க்காமல் முழங்கால், இடுப்பு, தலை உயரங்களிலும் பாருங்கள். தளத்திலுள்ள விவரங்களும் பேருதவி செய்யும். பெட்டியின் அளவு என்ன என்று முதலில் பாருங்கள். 100 மில்லிலிட்டருக்கும் குறைந்தவை மிகச் சிறியவை, ஒரு லிட்டர்வரை சிறியவை, 20 லிட்டர்வரை வழக்கமானவை, அதற்கு மேல் பெரியவை என்று வகுத்திருக்கிறார்கள். தேடும் கடினத்துக்கும் நிலத்தின் கடினத்துக்கும் தனித்தனியாக 1 முதல் 5 வரை, அரை அரையாக மதிப்பெண் உண்டு. நிலத்துக்கு 1 என்றால் சக்கர நாற்காலியிலும் போகலாம். 5 என்றால் படகு, கயிறு போன்ற சிறப்புச் சாதனம் வேண்டும். மறைத்தவர் எழுதிய குறிப்பு, எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளிய எளிய மறையெழுத்தில் இருக்கும். விரும்பாதவர் கண்ணில் தற்செயலாகப் பட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. முந்தையவர்களின் பதிவுகளையும் படியுங்கள். அண்மையில் வந்த பலரும் தொடர்ந்து கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால், பெட்டி அங்கே இல்லாமலே போயிருக்கலாம்.

கைபேசி போதாதா என்ற கேள்விக்கு வருகிறேன். தொடங்குவதற்குத் தாராளமாகப் போதும். 2018 முதல் சில கைபேசிகளில் இரண்டு அலைவரிசைகளில் சமிக்ஞை பெறும் சில்லுகள் வந்துவிட்டன; 1575.42 மெகாஹெர்ட்ஸில் வரும் பழைய சமிக்ஞையோடு 1176.45 மெகாஹெர்ட்ஸில் வரும் புதியதையும் பெறுவதால், வளிமண்டலத் தாமதத்தைக் கணக்கிட்டு நீக்கவும் எதிரொலிப்பை நன்கு பிரித்தறியவும் அவற்றால் முடிகிறது. அத்தகைய கைபேசி பத்தாண்டுப் பழைய கையடக்கக் கருவியைவிடத் துல்லியமாக இருப்பதும் உண்டு. ஆகவே துல்லியத்தை மட்டும் காரணமாகக் காட்டித் தனிக்கருவி வாங்கச் சொல்ல மாட்டேன். நாள் முழுதும் காட்டிலும் மலையிலும் நடக்கிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும். இட்ரெக்ஸ் 22எக்ஸ் போன்ற கருவி இரண்டு ஏஏ பேட்டரியில் ஏறத்தாழ 25 மணி நேரம் ஓடும், தீர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் பழுதாகாத காப்பு அதற்கு உண்டு. கடும் வெயிலில் திரை நன்றாகத் தெரியும், கையுறையோடும் பொத்தானை அழுத்தலாம், பாறையில் விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அலைபேசிக் கோபுரம் எட்டாத இடத்துக்குப் போகும் முன் ஜிபிஎக்ஸ் கோப்பாக (இட விவரங்களைக் கருவிக்கு மாற்றும் கோப்பு வகை)ப் பெட்டிகளின் விவரம், குறிப்பு, பழைய பதிவுகள் அனைத்தையும் அதில் ஏற்றிக்கொண்டு போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கைபேசியின் மின்சாரம் அவசர அழைப்புக்கென்று மிச்சமிருக்கும். என் மதிப்பில் இது ஒன்றே போதுமான காரணம்.

வாங்குவதானால் திசைகாட்டி உள்ளதா, ஜிபிஎஸ்ஸோடு ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ ஆகிய அமைப்புகளின் செயற்கைக்கோள்களையும் பெறுகிறதா, ஜியோகேச்சிங் விவரங்களை நேரடியாகக் காட்டுகிறதா என்ற மூன்றையும் பாருங்கள். வண்ண வரைபடம், படக்கருவி போன்றவை இந்தத் தேடலுக்குக் கட்டாயமில்லை.

பெட்டிகள் எல்லாம் ஒரே வகையல்ல. எண்கள் நேரே பெட்டிக்கு இட்டுச்செல்லும் மரபான வகையில்தான் தொடங்க வேண்டும். பல நிலை வகையில் முதல் இடத்தில் கிடைக்கும் தகவல் அடுத்த இடத்தைச் சொல்லும். புதிர் வகையில் விடை கண்டால்தான் உண்மையான எண்கள் தெரியும். இவ்விரண்டிலும் கையடக்கக் கருவியின் ஒரு வசதி மிகவும் பயன்படும்: "இங்கிருந்து 137 டிகிரியில் 85 மீட்டர்" என்று ஒரு குறிப்பு வந்தால், அந்தப் புள்ளியைக் கருவியே கணித்துத் தரும். அப்போது உண்மை வடக்கா, காந்த வடக்கா என்று கருவியின் அமைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் சில பகுதிகளில் பத்து டிகிரிக்கும் மேல் வேறுபாடு உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது பெட்டியே இல்லாத நிலவியல் வகை. அமெரிக்க நிலவியல் கழகத்தின் துணையோடு 2004-இல் தொடங்கிய இதில், குறித்த இடத்துக்குப் போய்ப் பாறையடுக்கையோ மண்ணரிப்பையோ பார்த்து, கேட்ட கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். பார்த்துப் பார்த்துப் பழகிப்போன ஒரு பாறை, எந்தத் திசையிலிருந்து வந்த அழுத்தத்தால் மடிந்தது என்று புரியும் நேரத்தில் கிடைக்கும் மகிழ்ச்சியை எந்தப் பெட்டியும் தந்ததில்லை. பெட்டிக்குப் பெட்டி பயணம் செய்யும் எண்ணிட்ட வில்லைகளும் உண்டு. அவற்றை எடுத்தால் வேறொரு பெட்டியில் சேர்த்துப் பதிய வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது. அத்தகைய வில்லைகளில் இருப்பது போன்ற தடக்குறியீடு ஒன்று 2021-இல் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியின் ஒரு கருவிப் பாகத்தில் செவ்வாய்க் கிரகத்துக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

சில பெட்டிகளைக் கண்டபின் நீங்களே ஒன்றை மறைக்க விரும்புவீர்கள். அப்போது உங்கள் எண்களின் தரம் பின்னால் வரப்போகும் எல்லோருடைய வட்டத்தையும் தீர்மானிக்கும் என்பதை மறக்க வேண்டாம். பெட்டி இருக்கும் இடத்தில் கருவியை வைத்து, சராசரி எடுக்கும் வசதியைச் சில நிமிடம் ஓடவிடுங்கள். ஒரே அமர்வில் எடுத்த சராசரி மட்டும் போதாது. அந்த நேரத்துச் செயற்கைக்கோள் அமைப்பின் பிழை அதில் அப்படியே தங்கிவிடும். சில மணி நேரம் கழித்தோ வேறொரு நாளிலோ திரும்பவும் எடுத்துச் சேருங்கள். பிறகு எண்ணைக் கருவியில் இலக்காக வைத்து, ஒரு புதியவரைப் போலத் தொலைவிலிருந்து நடந்து வந்து பாருங்கள். நிலத்துக்கு உரியவரின் அல்லது பொறுப்பாளரின் அனுமதி முதலில் வேண்டும். அருகிலுள்ள வேறொரு பெட்டியிலிருந்து குறைந்தது 161 மீட்டர் இடைவெளி விட வேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைப்பது, உரியவர் வெளிப்படையாக அனுமதித்தாலன்றி, கூடாது. உல்மரின் முதல் வாளியே பாதி புதைக்கப்பட்டிருந்தது என்பது உண்மைதான், ஆனால் எண்ணற்றவர் மண்வெட்டியோடு காட்டுக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப்பார்த்தால் இந்த விதியின் நியாயம் விளங்கும். உணவுப்பொருள் வைத்தால் விலங்குகள் பெட்டியைக் கடித்துக் குதறிவிடும் என்பதால் அதுவும் விலக்கு; மது, ஆயுதம், வெடிபொருள் ஆகியவற்றைச் சொல்லவே வேண்டியதில்லை. பெட்டிக்கு வெளியே அது ஜியோகேச்சிங் பெட்டி என்று தெளிவாக எழுதுங்கள். பாலத்தடியிலும் அரசுக் கட்டடத்தருகிலும் அடையாளமில்லாமல் கிடந்த பெட்டிகளை வெடிகுண்டென்று ஐயுற்றுக் காவல்துறை நிபுணர்களை வரவழைத்த நிகழ்வுகள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. அத்தகைய இடங்களைத் தவிர்ப்பதே முறை.

பெட்டியின் ஆயுளை நிர்ணயிப்பது அதன் மூடி. பழைய படச்சுருள் டப்பாக்கள் எளிதில் கிடைத்தன என்பதால் பலர் பயன்படுத்தினார்கள். ஆனால் அவற்றுள் ஈரம் புகுந்து பதிவேடு கூழாகிவிடும். ரப்பர் வளையமும் நான்கு பக்கப் பூட்டும் உள்ள டப்பாவோ, இராணுவத் தோட்டாப் பெட்டியோ பல மழைக்காலம் தாங்கும். பதிவேட்டைத் தனி உறையிலும் இட்டு, மையெழுதிக்குப் பதில் பென்சில் வையுங்கள். ஆண்டுக்குச் சில முறையாவது போய்ப் பார்த்துவர முடியாத தொலைவில் பெட்டி வைக்கவே கூடாது.

தேடுகிறவருக்கும் கடமைகள் உண்டு. செடியைப் பிடுங்குவது, சுவர்க்கல்லை உருவுவது, பட்டையை உரிப்பது எதுவும் எந்தப் பெட்டிக்காகவும் தேவைப்படாது. தேவைப்படுவதாகத் தோன்றினால் நீங்கள் தவறான இடத்தில் தேடுகிறீர்கள். எடுத்த பெட்டியை நல்லது என்று உங்களுக்குத் தோன்றும் வேறு மறைவில் வைக்காமல், இருந்த இடத்தில் இருந்தபடியே வைக்க வேண்டும். இல்லையேல் அடுத்தவர் தேடும் வட்டம் உங்களால் பெரிதாகிவிடும். விவரம் அறியாதவர்கள் அருகே இருந்தால் அவர்கள் போகும்வரை காத்திருங்கள். அவர்கள் கண்முன் எடுக்கப்பட்ட பெட்டி பெரும்பாலும் அடுத்த வாரம் அங்கே இருப்பதில்லை.

ஆகவே நீங்கள் தொடர வேண்டும் என்பதே என் விடை. அடுத்த முறை வழக்கமான அளவுள்ள, இரு மதிப்பெண்ணும் 1.5-ஐத் தாண்டாத, கடந்த மாதத்துக்குள் யாரோ கண்டுபிடித்த, வானம் திறந்திருக்கும் இடத்திலுள்ள மரபான பெட்டி ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போங்கள். முதலில் தேடிய பெட்டியைப் பொறுத்தவரை, கிடைக்கவில்லை என்பதைத் தளத்தில் இன்றே பதியுங்கள். பலர் அதைக் கூச்சமாக எண்ணி விட்டுவிடுகிறார்கள். எவ்வளவு நேரம் தேடினீர்கள், கருவி என்ன துல்லியம் காட்டியது, எந்தெந்த மறைவைப் பார்த்தீர்கள் என்று அதில் எழுதுங்கள். பெட்டி இன்னும் இருக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டுமென மறைத்தவருக்குத் தெரிய வருவது அத்தகைய பதிவுகளால்தான்.